அக்கா ஸ்பொன்சர் செய்த அமெரிக்கர்

எங்கள் குடும்பத்தில் விண்ணப்பப் படிவம் நிரப்புகிற ஆள் நான். யாரும் என்னை அந்தப் பதவிக்கு நியமிக்கவில்லை. கனடாவுக்கு வந்த புதிதில் மற்றவர்களைவிட என் கையெழுத்து கொஞ்சம் வடிவாக இருந்தது, அவ்வளவுதான். அம்மாவையும் அப்பாவையும் கூப்பிட்டது, அண்ணையின் மனைவியைக் கூப்பிட்டது, பிறகு அவருடைய தம்பிமாரைக் கூப்பிட்டது எல்லாம் என் சாப்பாட்டு மேசையில்தான் நடந்தன. பேனை போய்க் கணினி வந்த பிறகும் அந்த வேலை என்னை விட்டுப் போகவில்லை. கடைசியாக ஒரு மைத்துனியின் தாயாருக்கு எழுதி அனுப்பியபோது, இனி எங்கள் பக்கத்தில் கூப்பிடுவதற்கு ஒருவரும் மிச்சமில்லை என்று நினைத்து, கோப்புகளையெல்லாம் ஒரு பெட்டியில் போட்டு அலுமாரிக்கு மேலே ஏற்றி வைத்தேன்.

சில வருடங்களுக்குப் பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கா போன் எடுத்தாள்.

"பின்னேரம் வீட்டில நிப்பியே? கனடாவுக்கு வாற போம் பற்றி ஒண்டு கேட்க வேணும்."

"ஆருக்கு?"

"ஒரு ஆளுக்கு."

"எந்த நாட்டில இருக்கிற ஆள்?"

மறுபக்கம் ரேடியோச் சத்தம் குறைந்தது. பிறகு, "அமெரிக்கா" என்றாள்.

"அமெரிக்காவில எங்கட ஆக்கள் ஆர் இருக்கினம்?"

"எங்கட ஆள் இல்லை. அமெரிக்கர்தான். வெள்ளைக்காரர்."

நான் சிரித்துவிட்டேன். அமெரிக்கருக்கு எதற்குப் படிவம்? அந்தக் கடவுச்சீட்டை வைத்திருக்கிறவர்கள் கடைக்குப் போவதுபோல நாட்டுக்கு நாடு போய் வருகிறவர்கள் என்பது என் எண்ணம். எங்களுக்கு அப்படியொரு கடவுச்சீட்டு கிடைத்திருந்தால் என்னென்ன செய்திருப்போம் என்று நானும் அண்ணையும் எத்தனையோ தடவை கதைத்திருக்கிறோம்.

"நான் மூண்டு மணிக்குக் கூட்டிக்கொண்டு வாறன்," என்று அக்கா போனை வைத்தாள்.

அக்காவைப் பற்றி முதலில் சொல்லவேண்டும். என்னைவிட ஏழு வயது மூத்தவள். அப்போது அவளுக்கு ஐம்பத்தொன்பது. ரொறொன்ரோவின் மல்வேர்ன் பகுதியில் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை செய்தாள். அவளுடைய கணவர், எங்கள் அத்தான், இதய நோயால் காலமாகிப் பத்து வருடங்கள் ஆகியிருந்தன. ஒரே மகன் கல்கரியில் பொறியியலாளர். முழங்கால் வலி என்று வைத்தியரிடம் போனபோது, தண்ணீருக்குள் பயிற்சி செய்யும்படி அவர் சொல்லிவிட்டார். அக்கா அதற்கு முன்பு நீச்சல் குளத்துக்குள் இறங்கியதே இல்லை. முழங்கால்வரை மூடுகிற ஒரு நீச்சல் உடுப்பைத் தேடிப் பிடித்து வாங்கிக்கொண்டு, கிட்ட இருந்த சமூக நிலையத்தில் காலை வகுப்புக்குச் சேர்ந்தாள். வகுப்பில் பதினாலு பெண்கள், ஓர் ஆண். அந்த ஓர் ஆண்தான் அமெரிக்கர்.

அவர் ஒஹாயோவில் ஒரு சிறிய ஊரைச் சேர்ந்தவர். அறுபத்திரண்டு வயது. முப்பது வருடங்களுக்கு மேல் உயர்தரப் பள்ளியில் ஆங்கிலம் படிப்பித்து ஓய்வுபெற்றவர். மணமுறிவு ஏற்பட்டு நீண்ட காலம். அவருடைய மகள் ஒரு ரொறொன்ரோக்காரரை மணமுடித்து அங்கே வெக்ஸ்போர்ட் பகுதியில் இருந்தாள். மகளுக்குக் குழந்தை பிறந்தபோது உதவிக்கு என்று காரை எடுத்துக்கொண்டு வந்தவர், இரண்டு முழங்கால்களையும் மாற்றி வைத்திருந்ததால் அந்த வகுப்பையும் தேடிப் பிடித்திருந்தார்.

இதையெல்லாம் அக்கா அன்று எனக்குச் சொல்லவில்லை. "நீச்சல் வகுப்பில தெரிஞ்ச ஆள்" என்று மட்டும்தான் சொன்னாள்.

மூன்று மணிக்கு வந்தார்கள். நல்ல உயரமான மனிதர். சொல்லாமலே வாசலில் சப்பாத்தைக் கழற்றினார். ஒரு கால் உறை கறுப்பு, மற்றது கடும் நீலம். கையில் ஒரு மஞ்சள் எழுத்துத் தாள் கட்டு வைத்திருந்தார், மாணவன்போல. நான் வைத்த மட்டன் ரோலில் இரண்டைச் சாப்பிட்டு முடித்த பிறகுதான், "இதற்குள் என்ன இருக்கிறது?" என்று கேட்டார். எனக்கு அந்த ஒழுங்கு பிடித்திருந்தது.

"நான் இங்கே இருந்துவிட விரும்புகிறேன். எங்கே கையெழுத்துப் போடவேண்டும்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். பகிடிக்குக் கேட்கிறார் என்றுதான் நினைத்தேன். பிறகு முகத்தைப் பார்த்தேன். பகிடி இல்லை.

நான் கணினியைத் திறந்தேன். விசா இல்லாமல் வந்து ஆறு மாதம் இருக்கலாம், அது அவருக்குத் தெரியும். நீடிக்கச் சொல்லிக் கேட்கலாம், ஆனால் எத்தனை தடவை நீடித்தாலும் விருந்தாளி விருந்தாளிதான். மகள் கூப்பிடலாமா என்று பார்த்தோம். பெற்றோரைக் கூப்பிடுகிற வழி அந்த வருடம் புதிய ஆட்களுக்குப் பூட்டியிருந்தது. பூட்டாத வருடங்களிலும் அது சீட்டுக் குலுக்கல்தான். அடுத்தது வயது, படிப்பு, மொழிக்குப் புள்ளி போடுகிற முறை. வயதைக் கேட்டது. போட்டேன். நாற்பத்தைந்தைத் தாண்டியவர்களுக்கு வயதுக்கு ஒரு புள்ளியும் இல்லை.

"பூச்சியமா?" என்று கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு திரையைப் பார்த்தார்.

"பூச்சியம்."

"ஆங்கிலத்துக்காவது புள்ளி தருவார்களா?"

"தருவார்கள். ஆனால் நீங்கள் ஆங்கிலப் பரீட்சை எழுதவேண்டும்."

அவர் பேனையைக் கீழே வைத்தார். "நான் முப்பது வருடம் ஆங்கிலம் படிப்பித்தவன்."

"விளங்குகிறது. எல்லோருக்கும் ஒரே சட்டம். கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல்."

அவர் என்னைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், பிறகு சிரிக்கத் தொடங்கினார். மேசை ஆடுகிற அளவுக்குச் சிரித்தார். தன்னிடம் தோற்றுப்போன மாணவர்கள் கேள்விப்பட்டால் பெரிய கொண்டாட்டமே நடத்துவார்கள் என்றார். பிறகு இணையத்தில் இருந்த மாதிரிப் பரீட்சையை அங்கேயே எழுதிப் பார்த்தார். கேட்டல் பகுதியில் ஒன்று பிழை. அதை இரண்டு தடவை திரும்பக் கேட்டு, கேள்வியில்தான் பிழை என்று வாதாடினார்.

போகும்போது வாசலில் நின்று, "நாங்கள் எங்கேயும் போகலாம் என்றுதான் நான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். போகலாம்தான். இருக்கத்தான் முடியாதுபோல" என்று சொன்னார். அதைக் கவலையாகச் சொல்லவில்லை. ஒரு புதுச் சொல்லைக் கற்றுக்கொண்டவர்போலச் சொன்னார்.

கலியாணம் என்ற வழியை நான் அன்று வாய் திறந்தே சொல்லவில்லை. தோன்றவும் இல்லை. அவர்கள் இருவரும் என் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தார்கள். அக்கா தன் ரோலின் மொறுமொறுப்பான நுனியை உடைத்து, கேட்காமலே அவருடைய தட்டில் வைத்தாள். அதைக் கண்ணால் கண்டும் எனக்கு விளங்கவில்லை. முப்பது வருடமாக மற்றவர்களுடைய உறவை நிரூபிக்கப் படிவம் நிரப்பிய ஆள் நான்.

அவருடைய ஆறு மாதம் முடிந்தது. ஒஹாயோவுக்குப் போனார். அதற்குப் பிறகு இரண்டு கிழமை அக்கா நீச்சல் வகுப்புக்குப் போகவில்லை. முழங்கால் நோகுதோ என்று பார்க்கப் போனேன். அக்கா அடுப்படியில் நின்று கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தாள். மகன் வரும்போது மட்டும் சமைக்கிற அளவுக்கு ஒரு மலைக் கத்தரிக்காய்.

"என்னக்கா, ஆருக்கு இவ்வளவும்?"

"தெரியேல்ல. வெட்டத் தொடங்கினன், நிப்பாட்ட மறந்து போனன்."

நான் கத்தியை வாங்கி வைத்தேன். அவள் கதிரையில் இருந்தாள்.

"அவர் என்னட்டக் கேட்கேல்ல," என்றாள் திடீரென்று. "கேட்க மாட்டார் எண்டு எனக்குத் தெரியும். கேட்டால் விசாவுக்குக் கேட்கிற மாதிரி இருக்குமாம். மகளுக்குச் சொல்லியிருக்கிறார், அவள் எனக்குச் சொன்னவள்."

எனக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. "அப்ப அக்கா அங்க போகலாமே? ஒஹாயோவுக்கு?" என்று கேட்டேன்.

"நான் ஒருக்கா நாடு மாறினது காணும். இஞ்ச எனக்கு வேலை இருக்கு, நீங்கள் எல்லாரும் இருக்கிறியள். அவருக்கும் மகள் இஞ்சதானே." கொஞ்ச நேரம் கத்தரிக்காயைப் பார்த்தாள். "எங்கட ஆக்கள் என்ன சொல்லுவினம்?"

"என்ன சொல்லுவினம்?"

"அறுபது வயசில கிழவிக்குக் கலியாணம் கேக்குது எண்டு."

"சொல்லட்டும். நாலு நாள் கதைப்பினம், பேந்து வேற கதை கிடைக்கும்."

நான் வீட்டுக்கு வந்து ஒரு மணித்தியாலம் ஆகவில்லை. அக்கா போன் எடுத்தாள்.

"நான் கேட்டிட்டன்."

"என்னத்தை?"

"கலியாணம் செய்வமோ எண்டு. நான்தான் கேட்டனான். ஓம் எண்டவர்."

அவர் உண்மையில் "ஓம்" என்றே சொன்னாராம். அக்காவிடம் படித்த முதல் தமிழ்ச் சொல் அது. தொடக்கத்தில், குளத்தில் தமிழ்ப் பெண்கள் ஒருவருக்கொருவர் ஓம், ஓம் என்று சொல்வதைக் கேட்டு, இவர்கள் ஏதோ தியானம் செய்துகொண்டே உடற்பயிற்சி செய்கிறார்கள் என்று ஒரு மாதம் நினைத்திருந்தாராம்.

அண்ணைக்கு நான்தான் சொல்லவேண்டி வந்தது. அண்ணை எங்கள் எல்லோருக்கும் மூத்தவர். இருபத்தைந்து வருடம் பெரிய லொறி ஓட்டியவர். குடும்பத்தில் எந்தக் கலியாணப் பேச்சு வந்தாலும் முதலில் சந்தேகப்படுகிற உரிமை அவருக்குத்தான். முன்பு ஒரு தடவை சுவிஸிலிருந்து வந்த ஒரு மாப்பிள்ளையை, "உவர் விசாவுக்கு வாறார்" என்று திருப்பி அனுப்பியவர். கதை முழுவதையும் கேட்டார்.

"அமெரிக்கன் விசாவுக்காக எங்கட அக்காவைக் கட்டுறான் எண்டு நான் சொல்ல வேணும். அதுதான் என்ர முறை," என்றார். "ஆனால் சொல்லிப் பாக்கிறன், வாய்க்குள்ள வருகுதில்லை. சிரிப்பு வருகுது."

அண்ணை அக்காவுக்கும் மூத்தவர். ஆனாலும் எங்களோடு சேர்ந்து அவரும் அவளை அக்கா என்றுதான் சொல்வார்.

"அப்ப சம்மதமோ அண்ணை?"

"ஆள் என்ன வேலை செய்தவர்?"

"வாத்தியார்."

"வாத்தியாரோ," என்றார். அந்தச் சொல்லோடு பாதிச் சந்தேகம் போய்விட்டது.

அக்காவின் மகனை நினைத்தால்தான் எங்களுக்குப் பயமாக இருந்தது. அவன் போனில் தாயிடம் ஒரேயொரு கேள்வி கேட்டானாம். "அம்மா, ஆர் யூ ஹாப்பி? இல்லாட்டி தனியா இருக்கிறது போர் அடிக்குதோ?" அக்கா யோசித்துத்தான் பதில் சொன்னாள். "தனியா இருக்கிறது எனக்குப் பழகிப் போச்சு. இவரோட இருக்கிறது விருப்பமா இருக்கு." அவன் அடுத்த கிழமையே விமானச் சீட்டு எடுத்துவிட்டான்.

அவர் திரும்பி வந்ததும் நகராட்சி மண்டபத்தில் பதிவுத் திருமணம் நடந்தது. எங்கள் பக்கத்தில் ஒன்பது பேர், அவர் பக்கத்தில் மகளும் மருமகனும் குழந்தையும். நீச்சல் வகுப்புப் பெண்கள் பதின்மூன்று பேரும் சொல்லாமலே வந்து பின் வரிசையை நிரப்பிவிட்டார்கள். அக்கா ஊதாச் சேலை உடுத்தியிருந்தாள். உறுதிமொழியில் ஒரு சொல்லை அவர் பிழையாகச் சொல்ல, அக்கா திருத்தினாள். ஆங்கில வாத்தியாருக்கு ஆங்கிலம் திருத்தியவள் என்று அண்ணை அதை இன்றைக்கும் ஆட்களுக்குச் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

அதற்குப் பிறகு என் வேலை தொடங்கியது. பெட்டியை அலுமாரியிலிருந்து இறக்கினேன்.

அக்கா ஸ்பொன்சர், அதாவது பொறுப்பேற்றுக் கூப்பிடுகிறவள்; அவர் விண்ணப்பதாரி. ஒஹாயோவில் வீட்டை விற்று ஒழுங்குபடுத்த வேண்டியிருந்ததால், அவர் திரும்பிப் போய் அங்கிருந்தபடியே விண்ணப்பிப்பது என்று முடிவு செய்தோம். கடந்த பத்து வருடத்தில் இருந்த விலாசங்களை ஒரு நாள்கூட விடாமல் எழுதச் சொல்கிற இடம் ஒன்று உண்டு. எங்கள் ஆட்களுக்கு அந்தப் பகுதியை நிரப்பும்போது எப்போதும் மேலதிகத் தாள் ஒட்டவேண்டி வரும். முகாம், உறவினர் வீடு, கொழும்பில் விடுதி, வேறு நாட்டில் ஓர் அறை என்று போகும். அவர் ஒரு வரி எழுதினார். அந்த ஒரு வீட்டில் இருபத்தேழு வருடம். நான் அந்த வெற்று இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்படியும் ஒரு மனிதனின் படிவம் இருக்கலாம் என்று நான் நினைத்ததில்லை.

ஆனால் மற்ற எல்லாம் அவருக்கும் எங்களுக்கும் ஒன்றுதான். விரல் அடையாளம் எடுத்து அமெரிக்கப் பொலிஸ் அறிக்கை எடுக்கவேண்டும். குறிப்பிட்ட வைத்தியரிடம் போய் நெஞ்சுப் படம் எடுக்கவேண்டும். பழைய மணமுறிவுத் தாளைத் தேடவேண்டும். அதை அவர் மூன்று நாள் தேடி, கடைசியில் மீன்பிடித் தூண்டில் பெட்டிக்குள் கண்டெடுத்தார். விரல் அடையாளம் வைத்த அன்று எனக்குப் போன் எடுத்து, "வாழ்க்கையில் முதல் தடவையாக என்னை யாரோ சந்தேகப்பட்டிருக்கிறார்கள்" என்றார். குரலில் கொஞ்சம் பெருமையும் இருந்ததாக எனக்குப் பட்டது.

பெரிய சிக்கல் படங்கள். உறவு உண்மையானது என்று காட்டுவதற்கு, பழக்கம் தொடங்கிய காலத்திலிருந்து படங்கள் வேண்டும். அக்காவும் அவரும் பழகிய இடம் நீச்சல் குளம். அங்கே படம் எடுக்கத் தடை. வெளியே கோப்பிக் கடையில் அக்கா படத்துக்கு நிற்கவே மாட்டாளாம், தெரிந்த ஆட்கள் காண்பார்கள் என்று.

"அக்கா, கலியாணத்துக்கு முந்தி ஒரு படம்கூட இல்லையோ?"

"இருக்கு. ஒண்டு இருக்கு."

காட்டினாள். வகுப்பு முடிந்த பிறகு யாரோ எடுத்த கூட்டப் படம். பதினைந்து பேர் நிற்கிறார்கள். அக்கா இடப்பக்கக் கடைசி, அவர் வலப்பக்கக் கடைசி. இரண்டு பேரும் ஒருவரையொருவர் தெரியாத ஆட்கள்போல வேறு வேறு திசையைப் பார்க்கிறார்கள்.

"இதை அனுப்பினால் கட்டாயம் நிராகரிப்பினம்," என்றேன்.

அப்போது அண்ணை ஒரு வேலை செய்தார். யாரும் கேட்காமலே ஒரு கடிதம் எழுதிக்கொண்டு வந்தார். ஆதரவுக் கடிதம். ஆங்கிலம் அண்ணைக்கு அவ்வளவாக ஓடாது. தமிழில் எழுதி என்னிடம் தந்து மொழிபெயர்க்கச் சொன்னார். அதில் இப்படி இருந்தது: "நான் இந்தக் குடும்பத்தில் மூத்தவன். எந்தக் கலியாணத்தையும் சந்தேகத்தோடு பார்ப்பது என் பழக்கம். கலியாணத்துக்குப் பிறகு ஒரு நாள் என் தங்கை காய்ச்சலாகக் கிடந்தபோது அவளுடைய வீட்டுக்குப் போனேன். இந்த மனிதர் அடுப்படியில் நின்று ரசம் வைத்துக்கொண்டிருந்தார். ரசம் சரியில்லை. ஆனால் அவர் அதை மூன்றாம் தடவையாக வைத்துக்கொண்டிருந்தார். அன்றோடு என் சந்தேகம் போய்விட்டது." மொழிபெயர்க்கும்போது எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு சொல்லையும் மாற்றாமல் அனுப்பினேன். நீச்சல் வகுப்புப் பெண்களில் ஆறு பேரும் கடிதம் தந்தார்கள். அதில் இருவர், தாங்கள் இதை அக்காவுக்கு முன்பே கண்டுபிடித்துவிட்டதாக எழுதியிருந்தார்கள்.

பதில் வரப் பத்து மாதத்துக்கு மேல் எடுத்தது. அந்தக் காலத்தில் இன்னொரு விசித்திரம் நடந்தது. அவர் தன் ஊரில் என்னைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். ஒஹாயோவிலிருந்து எனக்கு அழைப்புகள் வரத் தொடங்கின.

முதலில் ஓய்வுபெற்ற ஒரு தம்பதி. பாட்டனார் காலத்திலிருந்து வரி கட்டிய நல்ல குடிமக்கள், தங்களைக் கனடா மறுக்காதுதானே என்று கேட்டார்கள். அவர்களுக்கு வயதும் வழிவிடவில்லை, பிள்ளைகளும் இங்கே இல்லை. மெதுவாகச் சொன்னேன். அந்த அம்மா, "எங்களுக்கு என்று ஒரு வரிசை இல்லையா?" என்று கேட்டார். உண்மையான ஆச்சரியம் அது. இல்லை என்றேன். போர்த்துக்கல்லில் விசாரித்துப் பார்க்கும்படி சொன்னேன். ஓய்வூதியம் உள்ளவர்களை அங்கே எடுக்கிறார்கள் என்று வாசித்திருந்தேன்.

பிறகு ஒரு இளம் தாதி. அவளுடைய கதை மறுபக்கம். படித்த சான்றிதழ் இருக்கிறது, ஒன்ராறியோவில் பதிவு கிடைத்துவிட்டது, ஸ்காபரோவில் ஒரு வைத்தியசாலை வேலைக் கடிதமும் தந்துவிட்டது. அமெரிக்கர்களுக்கு அப்படிச் சில தொழில்களில் எல்லையிலேயே வேலை அனுமதி கொடுக்கிற ஒப்பந்தம் இருக்கிறது. எந்தக் கடதாசியை மேலே வைப்பது, எதைக் கீழே வைப்பது என்று மட்டும் நான் சொல்லிக் கொடுத்தேன். மதியம் எல்லைக்கு வந்தவள் மாலைத் தேநீர் நேரத்துக்கு முன்பு அனுமதியோடு வெளியே வந்துவிட்டாள்.

"தட்ஸ் இற்?" என்று எனக்குப் போனில் கேட்டாள். "அவ்வளவுதானா?"

"உங்களுக்கு அவ்வளவுதான்," என்றேன். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது. ஒளிக்க விரும்பவில்லை. பிறகு அவளை ஒரு நாள் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டேன். குழந்தைப் பிள்ளைமாதிரி இருந்தாள். முதல் தடவையாகத் தனியே வேறு நாட்டில் இருக்கிறாளாம், பனிக்காலச் சப்பாத்து எங்கே வாங்குவது என்று கேட்டாள். பொறாமை அந்தக் கேள்வியோடு போய்விட்டது.

அக்காவின் விண்ணப்பத்துக்கு அனுமதி வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. ஜூன் மாதக் கடைசியில், ஒரு வாடகை லொறியில் சாமான்களோடு எல்லையில் உள்ள பஃபலோப் பாலத்தால் வருவதாக அவர் அறிவித்தார். எங்கள் குடும்பத்தில் யார் வந்து இறங்கினாலும் கூட்டமாகப் போய் ஏற்றுவது வழக்கம். அமெரிக்கர் என்பதற்காக அந்த வழக்கத்தை விடமுடியாது என்று அண்ணை சொல்லிவிட்டார். இரண்டு வான் வண்டிகளில் போனோம். பாலத்துக்கு இந்தப் பக்கம், ஆற்றோரமாக ஒரு பூங்காவில் நிறுத்தினோம்.

அந்தப் பாலத்தை நானும் அக்காவும் ஏற்கெனவே கடந்திருக்கிறோம். இளம் பெண்களாக, அமெரிக்கா வழியாக வந்து, பஃபலோவில் ஒரு தங்குமிடத்தில் மூன்று கிழமை காத்திருந்து, ஒரு குளிர்காலக் காலையில் இந்தப் பக்கம் வந்தோம். அன்று எங்களிடம் இருந்தவை ஒரு பயணப் பையும் ஒரு தொலைபேசி இலக்கமும். ரொறொன்ரோவில் பார்க்டேல் பகுதியில் ஒரு தெரிந்த குடும்பத்தின் இலக்கம். அக்கா அதை என் உள்ளங்கையில் பேனையால் எழுதியிருந்தாள். இப்போது இரண்டு பேரும் ஆற்றங்கரையில் நின்று பாலத்தையே பார்த்துக்கொண்டு தேத்தண்ணி குடித்தோம்.

பதினொரு மணிக்கு வருவதாகச் சொன்னவர் ஒரு மணியாகியும் வரவில்லை. அக்கா எழும்பி நடக்கத் தொடங்கினாள்.

"ஏதும் பிழை பிடிச்சிட்டாங்களோ?"

"என்ன பிழை? எல்லாக் கடதாசியும் நான் பாத்தனான்," என்றேன். ஆனால் நானும் எழும்பி அவளோடு நடந்தேன்.

பிறகு தெரிந்தது. குடியேறுகிறவர் கொண்டுவருகிற சாமான்களின் பட்டியலைச் சுங்க அதிகாரியிடம் கொடுக்கவேண்டும். "வீட்டுச் சாமான்கள்" என்று பொதுவாக எழுதினால் காணும் என்று நான் சொல்லியிருந்தேன். அவர் வாத்தியார் அல்லவா. ஒவ்வொரு புத்தகத்தையும் தலைப்போடு எழுதியிருக்கிறார். நாற்பத்தொரு பக்கம். அதிகாரி பகிடியாக ஒரு புத்தகத்தைப் பற்றி ஏதோ கேட்க, இவர் அதை விளக்கத் தொடங்கிவிட்டார். பின்னால் ஒருவரும் நிற்காத நேரம் என்பதால் அந்த அதிகாரியும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

லொறி பூங்காவுக்குள் திரும்பியபோது என் வாயிலிருந்து தானாக, "அத்தான் வந்திட்டார்" என்று வந்தது. அந்தச் சொல்லைப் பத்து வருடத்துக்கு மேலாக நான் யாருக்கும் சொல்லவில்லை. அக்கா திரும்பி என்னைப் பார்த்தாள். என் கையைப் பிடித்து அழுத்திவிட்டு லொறியை நோக்கி நடந்தாள்.

அண்ணை மாலை போட்டார். அத்தான் குனிந்து கொடுக்கவேண்டி இருந்தது. நாயைக் கூட்டிக்கொண்டு நடந்த ஒரு கனடியக் கிழவர் நின்று பார்த்து, யார் இவர், பெரிய ஆளோ என்று கேட்டார். "ஓம், புது இமிகிரன்ற்" என்றார் அண்ணை.

ரொறொன்ரோ நெடுஞ்சாலையில் அவ்வளவு பெரிய லொறியை ஓட்ட அத்தானுக்குப் பயம். அண்ணை சாவியை வாங்கிக்கொண்டு ஏறினார். இரண்டு மணித்தியாலம் இருவரும் முன் ஆசனத்தில் தனியே. ஒருவருக்குத் தமிழ் பத்துச் சொல், மற்றவருக்கு ஆங்கிலம் லொறி ஓட்டத் தேவையான அளவு. மல்வேர்னில், அக்கா வீட்டு வாசலில் வந்து இறங்கியதும் அண்ணையிடம் போய், எப்படி என்று கேட்டேன்.

"நல்ல மனுசன்," என்றார். "ஆனால் என்னைக் கதைக்க விடுறானில்லை."

சாமான் இறக்கும்போதுதான் அவர்களுடைய முதல் சண்டை வந்தது. அத்தான் ஒரு சாய்வு நாற்காலி கொண்டுவந்திருந்தார். பழுப்பு நிறம், ஒரு கை கிழிந்து நாடா ஒட்டியது, லொறியில் கால்வாசி இடத்தைப் பிடித்தது. அக்கா வாசலில் கையை விரித்து மறித்துக்கொண்டு நின்றாள்.

"உது என்ர வீட்டுக்குள்ள வராது."

"இது எனக்கு இருபது வருடப் பழக்கம்," என்றார் அத்தான் ஆங்கிலத்தில்.

"ஆளுக்கு ஸ்பொன்சர் செய்தனான். கதிரைக்குச் செய்யேல்ல."

நான் மொழிபெயர்த்தேன். அவர் கொஞ்சம் யோசித்து, அது நியாயம்தான் என்று ஒப்புக்கொண்டார். நாற்காலி கராஜுக்குள் போனது.

அந்தக் கோடை முழுவதும் அவர் காலையில் கராஜ் கதவைத் திறந்துவிட்டு அதில் இருந்து புத்தகம் வாசித்தார். வேலைக்கு பஸ் பிடிக்கப் போகிறவர்கள் கை காட்டினார்கள். பிறகு நின்று கதைத்தார்கள். ஓகஸ்ட் முடிவதற்குள், அக்கா பதினெட்டு வருடம் இருந்த அந்தத் தெருவில் யாருக்கு எந்த வேலை, யாருடைய பிள்ளை எந்தப் பல்கலைக்கழகம் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரிந்தது. இப்போது வேலை விண்ணப்பத்துக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுதவேண்டியவர்கள் சனிக்கிழமைகளில் அங்கே வருகிறார்கள். அவர் நாற்காலியில் இருக்கிறார், வருகிறவர்களுக்கு அக்கா இரண்டு பிளாஸ்ரிக் கதிரை போட்டு வைத்திருக்கிறாள். போன கிழமை நான் போனபோது ஒரு பொடியனுடைய கடிதத்தில் ஒரு வசனத்துக்காக அவரும் அந்தப் பொடியனும் வாதாடிக்கொண்டிருந்தார்கள். அக்கா உள்ளே நின்று, சாப்பாடு ஆறுகிறது என்று இரண்டாம் தடவையாகக் கூப்பிட்டாள்.